முடிச்சுப் போடாத குப்பை

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வருஷம் முழுக்க மணலும் முள்ளுமாகக் கிடக்கிற ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தின் மேல் நின்றது. நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது அந்தத் தண்ணீர் இல்லை. தண்ணீர் வடிந்து சில வாரம் கழித்து விருதம்பட்டுப் பக்கம் பார்த்த சீமைக் கருவேல மரங்கள்தான். ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு கிளையிலும் கவரும் துணியும் கிழிந்து தொங்கின.

நான் தையல்காரி. கவரைவிட எனக்குத் துணிதான் முதலில் கண்ணில் பட்டது. ஜாக்கெட்டுக்கு வைக்கிற லைனிங், சேலைக்கு அடிக்கிற ஃபால்ஸ், ஓவர்லாக் மிஷின் விளிம்பைச் சீவித் தள்ளுகிற நீள நீளமான இழை. வெள்ளத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, அப்புறமும் சாயம்கூடப் போகாமல் இருந்தது. அதில் என் வீட்டுத் துணி இருந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து வருஷமாக வெட்டுத் துணியைக் கவரில் அடைத்து, இறுக்க முடிச்சுப் போட்டு, தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டவள் நான். இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

எங்கள் வீடு சைதாப்பேட்டையில். கீழே நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அத்தையும். மாடியில் ஒரு சின்ன போர்ஷன், அதைச் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மாதக்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் விடுகிறோம். பெரும்பாலும் மேற்கு வங்கத்துக்காரர்கள். அவர்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் பொங்கல் முடிந்ததும் வீட்டுக் குப்பையைப் பிரிக்க ஆரம்பித்தேன். முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எடை மட்டும் போட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். ஐந்து பேருக்கு ஏழு நாளில் காய்கறித் தோல், மிச்சச் சாதம், டீத்தூள், பூ எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பேப்பர், பால் கவர், டப்பா, பாட்டில் இரண்டு கிலோ. என் வெட்டுத் துணி ஒன்றரைக் கிலோ. மற்றதெல்லாம் சேர்த்தாலும் அரைக் கிலோ வரவில்லை. இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப உதவியது. நாற்றமெடுக்கிறது, ஈ மொய்க்கிறது, நாய் இழுக்கிறது என்று நாம் குப்பையைப் பற்றிச் சொல்கிற குறையெல்லாம் அந்த ஒன்பது கிலோவைப் பற்றியதுதான். அதைத் தனியாக எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு மூலையில் பதினைந்து நாள் வைத்தாலும் மூக்குக்குத் தெரியாத பொருள்.

சட்டமும் அதைத்தான் சொன்னது. அப்போது இருந்த 2016 திடக்கழிவு விதிகளின்படி மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான வீட்டுக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர்களின் வேலையாக இருந்தது. பச்சைத் தொட்டி ஈரத்துக்கு, நீலத் தொட்டி உலர்ந்ததுக்கு. நானும் ஒரு பச்சை வாளி, ஒரு நீல வாளி வாங்கினேன். உள்ளே கவர் விரித்தேன். நிறைந்ததும் கவரைத் தூக்கி, வழக்கம்போல் இறுக்கமாக இரண்டு முடிச்சுப் போட்டு, காலையில் வண்டி வந்ததும் கொடுத்தேன். சரியாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வருகிற அக்கா எங்கள் வாசலில் நின்று கையை உதறினார். உள்ளங்கையில் ரத்தம். மிஷின் ஊசி ஒன்று உடைந்திருந்தது. அதை ஒரு வெட்டுத் துணியில் குத்தி, மற்ற துணிகளோடு போட்டிருந்தேன். குழந்தைகள் காலில் ஏறக் கூடாது என்று அப்படிச் செய்வது என் பழக்கம். அது அக்கா கையில் ஏறிவிட்டது.

உள்ளே கூப்பிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசி போட ஸ்கூட்டியில் கூட்டிப் போனேன். போகும்போது, கையுறை கொடுத்திருப்பார்களே, போட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவர் கோபப்படாமல்தான் சொன்னார்: "போட்டுக்கினுதான் வந்தேன் தங்கச்சி. நீங்க போடுற முடிச்ச கையுறையோட அவுக்க முடியுமா, சொல்லு. கழட்டினாத்தான் நகம் உள்ள போவும். ஒவ்வொரு ஊட்லயும் ரெண்டு முடிச்சு. இன்னாத்துக்குத்தான் அவ்ளோ இறுக்கமா கட்றீங்களோ."

நான் எதற்காகக் கட்டினேன்? நாற்றம் வெளியே வரக் கூடாது என்று. உள்ளே இருப்பது யார் கண்ணிலும் படக் கூடாது என்று. அந்தப் பொட்டலத்தை அன்றைக்கே ஒருவர் அவிழ்த்து, கொட்டி, கையால் பிரிக்கப்போகிறார் என்பது என் மனதில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அன்றைக்கு எங்கள் படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி அக்கா சொன்னவைதான் நான் இந்த விஷயத்தில் படித்த முதல் பாடம். வண்டியில் இருப்பது கொட்டகைக்குப் போகிறது. அங்கே ஈரக் குப்பையைக் கொட்டிப் பரப்பி, அதில் கிடக்கிற கவர், ரப்பர் பேண்டு, பிளேடு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்த பிறகுதான் உரத்தொட்டிக்குப் போகும். உலர்ந்ததை அட்டை, பால் கவர், பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக், இரும்பு, கண்ணாடி என்று தனித்தனிச் சாக்கில் கட்டுவார்கள். காயலான் கடைக்காரர் வந்து எடுத்துப் போவார். அந்தப் பணத்தை வேலை செய்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். "ஒரு சாக்கு அட்டையில ஒரு சாம்பார் கவர் கொட்டிச்சுன்னு வை, போச்சு. நனஞ்சது, அழுக்குன்னு வெலய அடிச்சுடுவான்." நான் அலட்சியமாகப் போட்ட அரைக் கரண்டி சாம்பார் இன்னொருவரின் வாரக் கூலியில் கை வைக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாளிக்குள் கவர் விரிப்பதில்லை. வாளியை அப்படியே வண்டியில் கவிழ்த்துவிட்டுக் கழுவிக் கொள்கிறோம். உலர்ந்தது வாய் திறந்த சாக்கில் போகிறது. எதற்கும் முடிச்சு கிடையாது. உடைந்த ஊசி, குண்டூசி, பிளேடு, ஊக்கு எல்லாவற்றுக்கும் மூடி திருகுகிற பழைய மாத்திரை டப்பா ஒன்று மிஷின் பக்கத்தில் இருக்கிறது. நிறைந்தால் மூடியில் டேப் சுற்றி, மேலே "ஊசி" என்று எழுதி, அக்காவின் கையில் தனியாகக் கொடுக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு டப்பாதான் நிறைந்திருக்கிறது. டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு உடையாமல் அட்டையோடு போக வேண்டும். உள்ளே பாதரசம் உண்டு. பெண் பிள்ளை இருக்கிற வீடு, அதனால் நாப்கினைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். வட்டம் போட்டதை அக்கா பிரிக்க மாட்டார். பெண்ணிடம் முதலில் இதைச் சொல்லத் தயங்கினேன். "அந்த அக்கா கையால பிரிப்பாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இப்போது வட்டம் போடுவது அவள்தான்.

பால் கவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நிறைய வீடுகளுக்குத் தினம் வருகிற பிளாஸ்டிக் அது. நாங்கள் ஆவின் வாங்குகிறோம், ஒரு நாளைக்கு மூன்று கவர். அது ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம், அதனால் விலை உண்டு. ஆனால் கழுவாமல் போட்டால் மதியத்துக்குள் புளித்து, மாலைக்குள் எறும்பு வந்துவிடும். பாலை ஊற்றியதும் கவருக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் பால் பாத்திரத்திலேயே ஊற்றிவிடுகிறேன். அத்தை எப்போதும் செய்ததும் அதுதான். அவர் பாலை வீணாக்கக் கூடாது என்று செய்தார். அப்புறம் கவரைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினால் நம் ஊர் வெயிலுக்குப் பத்து நிமிஷம். இன்னொன்று: முனையை வெட்டும்போது முழுசாக நறுக்கி எடுக்காதீர்கள். முக்கால்வாசி வெட்டி, அந்தத் துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். அந்தச் சின்ன முக்கோணத்தைக் கொட்டகையில் யாராலும் பொறுக்க முடியாது. உரத்தோடு உரமாகப் போய்க் கத்தரிக்காய்ப் பாத்தியில் கிடக்கும். என் கத்தரிச் செடி தொட்டியிலேயே ஏழெட்டு முக்கோணம் பார்த்திருக்கிறேன்.

சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு பாக்கெட் வேறு சாதி. உள்ளே பளபளவென்று ஒரு படலம், வெளியே ஒரு படலம், நடுவில் ஒட்டு. பிரிக்க முடியாததால் எந்தக் காயலான் கடையும் வாங்காது. தனியாகச் சேர்த்தாலும் பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்கத்தான் போகிறது. மாத்திரை அட்டையும் அப்படித்தான், அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டியது. வைத்தியத்துக்கென்றே ஆள் வருகிற நம் ஊரில் எத்தனை மாத்திரை அட்டை சேரும் என்று பாருங்கள். அதைக் கழுவி உலர்த்தி மெனக்கெட வேண்டாம். உலர்ந்த சாக்கில் போட்டால் போதும்.

ஒன்பது கிலோவை என்ன செய்தேன்? முதலில் அப்படியே வண்டிக்கு. பிறகு பாதியையாவது வீட்டிலேயே உரமாக்கலாம் என்று கரிகிரிக்குப் போய் மூன்று பானை வாங்கி வந்தேன். பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவு துளை போட்டுச் சுட்டுத் தரச் சொன்னேன். செடி வளர்க்கவா என்று கேட்டார்கள். குப்பை போட என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்கள், ஆனால் துளை ஒழுங்காகப் போட்டுத் தந்தார்கள்.

முதல் பானை கெட்டுப்போனது. சாதம், குழம்பு, பழத்தோல் என்று வந்ததையெல்லாம் கொட்டினேன். ஒரே வாரத்தில் கொழகொழவென்று ஆகி, புழு நெளிந்து, பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். தப்பு என்ன என்று அப்போது தெரியவில்லை. ஈரம் அதிகமாகி, காற்றுப் போக வழியில்லாமல் அழுகியிருக்கிறது. காற்று இருந்தால்தான் மக்கும், இல்லாவிட்டால் அழுகும். குவித்து வைத்த பெரிய குப்பைமேட்டில் மீத்தேன் உண்டாகித் தீப்பிடிப்பதற்கும் இதுவே காரணம். ஒரு பிடி ஈரத்துக்கு இரண்டு பிடி காய்ந்த இலை போட வேண்டும். மாசி, பங்குனியில் எதிர்வீட்டு வேப்பமரம் கொட்டுகிற சருகைச் சாக்குச் சாக்காக அமுக்கி வைத்தால் வருஷத்துக்கும் போதும். அதுவரை அந்தச் சருகைத் தெருவில் எரித்துக்கொண்டிருந்தோம். புழுவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அது குப்பையைத் தின்கிற புழு; சருகு போட்டதும் குறைந்துவிடும்.

இதில் பதம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அத்தை. புத்தகத்தில் இத்தனை சதவீதம் ஈரப்பதம் என்று போட்டிருந்தது எனக்குப் பிடிபடவே இல்லை. அத்தை பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்து, "புட்டுக்கு மாவு பிசறின மாதிரி இருக்கணும்" என்றார். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அவ்வளவுதான். முதல் மாதம் குப்பையை வீட்டுக்குள் வைப்பதா என்று என்னோடு பேசாமல் இருந்தவர் அவர். இன்றைக்குப் பானைக்குப் புளித்த மோர் தெளிப்பது, கிளறுவது எல்லாம் அவர் பொறுப்பு. அக்னி நட்சத்திரத்தில் மட்டும் கவனம் வேண்டும். மண்பானை நான்கு பக்கமும் நீரை இழுத்துவிடும். உள்ளே எல்லாம் வறண்டு, மக்குவது நின்றுபோகும். அப்போது பானையை நிழலுக்கு மாற்றி, நாள்விட்டு நாள் தண்ணீர் தெளிக்கிறோம். மற்ற மாதங்களில் இரண்டு, இரண்டரை மாதத்தில் உரம் தயார். அதைப் போட்டு வளர்ந்த இலவம்பாடி முள்ளுக் கத்தரிதான் மொட்டைமாடியில் காய்க்கிறது. 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த அதே கத்தரிக்காய். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டு யோசனை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலூர் சீனிவாசன் நம் ஊர்க்காரர்தான். குப்பையை மேடாகக் கொட்டாமல், ஒரு நாள் முடிவதற்குள் புதிதாக இருக்கும்போதே வாங்கி, மாடு தின்பதை மாட்டுக்கும் கோழி தின்பதைக் கோழிக்கும் கொடுத்து, மிச்சத்தைக் கையால் பல வகையாகப் பிரிக்கிற முறையை அவர் இங்கே உருவாக்கினார். சத்தீஸ்கரில் அம்பிகாபூர் என்கிற ஊர் அந்த முறையை எடுத்துக்கொண்டு, சுயஉதவிக் குழுப் பெண்களை வைத்து ஊர் முழுக்கச் செய்து பெயர் வாங்கியிருக்கிறது. நம் ஊரில் பிறந்த வழி என்று தெரிந்ததும் எனக்கு அதில் ஒரு உரிமை வந்துவிட்டது.

மாடி போர்ஷனுக்கு வருகிறேன். வங்காளிக் குடும்பங்கள் வாரத்தில் நாலைந்து நாள் மீன் சமைப்பார்கள். செதிலும் குடலும் மே மாத வெயிலில் அரை நாள் கிடந்தால் தெருவே தாங்காது. அதை எங்கள் பானையில் போட முடியாது, பூனை கவிழ்த்துவிடும். அன்றன்றைக்கே வண்டிக்குப் போக வேண்டும். எனக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நோயாளியை வைத்துக்கொண்டு கவலையோடு இருப்பவர்களிடம் குப்பையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று சும்மா இருந்தேன். கடைசியில் அக்காதான் வழி பண்ணினார். கொசப்பேட்டை, பாபுராவ் தெரு லாட்ஜ் பக்கமெல்லாம் வேலை பார்த்தவர், வங்காளத்தில் நாலு வார்த்தை தெரியும். மாடிப்படியில் நின்று பச்சை வாளியைக் காட்டி "பேஜா" என்றார், நீலத்தைக் காட்டி "ஷுக்னோ" என்றார். ஈரம், உலர்ந்தது. மேலே இருந்த பாட்டி சிரித்துவிட்டார். அந்த ஊரை விட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அந்தச் சொல்லைக் கேட்டதில் வந்த சிரிப்பு. மறுநாளிலிருந்து மீன் கழிவு பேப்பரில் பொதிந்து, முடிச்சில்லாமல், காலை ஏழு மணிக்குப் படியில் தயாராக இருந்தது. அவருடைய பேத்தியிடம் கேட்டு இரண்டு வாளியிலும் வங்காள எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

இனி என் துணி. பருத்தித் துண்டுகளுக்கு வழி இருக்கிறது. பெரியவை கால்மிதியாகின்றன, பொடித் துண்டுகள் தலையணைக்குள் போகின்றன, நடுத்தரமானவற்றை எண்ணெய் துடைக்க மெக்கானிக் கடைக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். பாலியஸ்டர் லைனிங்தான் தொல்லை. தண்ணீர் பாட்டிலும் அந்த லைனிங்கும் அடிப்படையில் ஒரே பொருள். பாட்டிலை நொறுக்கி, உருக்கி, இழையாக இழுத்துத் துணி நெய்கிறார்கள். ஆனால் அந்தத் துணியின் வெட்டுத் துண்டை வாங்க எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. சாயமும் கலப்பு நூலும் சேர்ந்துவிட்ட பிறகு யார் பிரிப்பார்கள்? அதனால் உண்டாகிற இடத்திலேயே குறைக்கப் பார்க்கிறேன். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம் காட்டன் லைனிங் வாங்கி வரச் சொல்கிறேன். இருபது ரூபாய் கூட ஆகும், வேலூர் வெயிலுக்கு அதுதான் நல்லது என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். வெட்டுவதற்கு முன் இரண்டு ஜாக்கெட்டுக்குச் சேர்த்து அளவை அடுக்கிப் பார்க்கிறேன். அப்படியும் பரணில் இரண்டு மூட்டை பாலியஸ்டர் இருக்கிறது. அதை வண்டியில் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

சிரித்த பாட்டியின் குடும்பம் போன மாதம் ஊருக்குத் திரும்பியது. அடுத்த குடும்பம் இன்றைக்கு இரவு காட்பாடியில் இறங்குகிறார்கள். மாடியைப் பெருக்கி, பானையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, இரண்டு வாளியையும் கழுவி எழுத்து வெளியே தெரியும்படி படியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.